கச்சான் காலத்து இறையியல்

இம்முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: விடுமுறையில் நடக்கும் இறையியல் குறும்பாடநெறிகள். பத்து நாள், இரண்டு கிழமை, மூன்று கிழமை என்று பல அளவுகள். உவர்மலையிலிருந்து மூதூர் வரை கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை என்பது இதில் சுவை. பலர் பெயர் போடவேண்டாம் என்று எழுதியதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: திருகோணமலையில் வருசம் பூராவும் வெயில். இதில் 'கோடைக்கால வகுப்பு' என்று தனியாக எதற்கு, ஐயா?
(உப்புவெளி)

பதில்: நியாயமான கேள்வி. குளிர் நாடுகளில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கல்லூரி மூடும், விடுதி காலியாகும், ஆசிரியர் சும்மா இருப்பார். மூன்றையும் சேர்த்தால் ஒரு பாடநெறி. நமக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் என்று மூன்று விடுமுறை இருந்தும் பெயரை மட்டும் இறக்குமதி செய்துவிட்டோம். நம்முடைய கோடை என்பது கச்சான் காற்று. அது வீசும் நாளில் மோட்சத்தைப் பற்றிய பாடத்தைவிட நரகத்தைப் பற்றிய பாடம் சுலபமாக விளங்கும்.

கேள்வி: இந்தப் பழக்கத்தை முதலில் தொடக்கியது யார்?
(என்.சி. வீதி)

பதில்: பேர்போன தொடக்கம் 1874இல், நியூயோர்க் மாநிலத்தின் ஷட்டாக்குவா ஏரிக்கரையில். மெதடிஸ்த போதகர் ஜோன் வின்சென்ற், தொழிலதிபர் லூயிஸ் மில்லர் இருவரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களைக் கூட்டி மரநிழலில் பாடம் நடத்தினார்கள். (மில்லரின் மகளைத்தான் பிறகு எடிசன் மணந்தார். மின்குமிழுக்கும் வேதபாடத்துக்கும் அவ்வளவு நெருக்கம்!)

நமது காலத்துக்குக் கிட்டிய உதாரணம் கனடாவின் வன்கூவரில் உள்ள ரீஜன்ற் கல்லூரி. அது பிறந்ததே கோடைப் பள்ளியாகத்தான், 1969இல். முழு ஆண்டு வகுப்புகள் பிறகே வந்தன. முதல் அதிபர் ஜேம்ஸ் ஹூஸ்டன், ஒக்ஸ்போர்ட்டில் புவியியல் கற்பித்தவர். குருமார் அல்ல, கணக்காளரும் தாதியும் ஆசிரியரும் வந்து படிக்கவேண்டும் என்பது அவர்களின் எண்ணம். இன்றும் அங்கே ஒரு கிழமை, இரண்டு கிழமைக் கோடைப் பாடங்கள் நடக்கின்றன.

கேள்வி: சின்ன வயதில் மறைக்கல்வி படித்தேன், பரிசும் வாங்கினேன். பிறகு ஏன் இறையியல்?
(பாலையூற்று)

பதில்: மறைக்கல்வியில் கேள்வியும் அவர்களே தருவார்கள், விடையும் அவர்களே தருவார்கள். நீங்கள் மனப்பாடம் செய்து பரிசு வாங்கினீர்கள். இறையியலில் கேள்வி உங்களுடையது. பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற துறவி, விளக்கம் தேடி நடக்கும் நம்பிக்கைதான் இறையியல் என்ற கருத்தில் எழுதிவைத்தார். நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது என்கிறீர்கள். நடக்கத் தயாரா என்பதே மிச்சம்.

கேள்வி: என் கணவர் இரண்டு கிழமை வகுப்புக்குப் போய்வந்தார். இப்போது சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தாலும் பிரசங்கம். என்ன செய்ய?
(உவர்மலை)

பதில்: புதுச் செருப்பு கொஞ்ச நாள் சத்தம் போடும். மூன்றாம் கிழமையும் அடங்காவிட்டால் மார்த்தா, மரியாள் கதையை வாசிக்கச் சொல்லுங்கள். காலடியில் இருந்து கேட்டதற்காகத்தான் மரியாளுக்குப் பாராட்டு கிடைத்தது. எழும்பி நின்று அவள் மார்த்தாவுக்குப் பிரசங்கம் பண்ணியதாக எங்கும் இல்லை.

கேள்வி: இரண்டு கிழமையில் 'கலாநிதி' பட்டமே தருகிறோம், டொலரில் கட்டினால் போதும் என்று ஒரு அறிவித்தல் வந்தது. சேரலாமா?
(சீனன்குடா)

பதில்: இரண்டு கிழமையில் தேங்காய்கூட முளைக்காது.

எந்தப் பாடநெறியானாலும் பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். சான்றிதழை வழங்குவது யார், அவர்களை வேறு யார் அங்கீகரித்திருக்கிறார்கள்? படிப்பிப்பவர் எங்கே படித்தார்? வகுப்புக்கு முன்னும் பின்னும் வாசிக்க என்ன தருவீர்கள்? நான் எழுதுவதை யாராவது திருத்துவார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஓம்' என்று வந்தால் அது படிப்பு. 'திருத்தத் தேவையில்லை, எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு' என்று வந்தால் அது அச்சகம்.

கேள்வி: குறும்பாடநெறி வேண்டாம், முழுசாகவே படிக்க ஆசை. இலங்கையில் தமிழில் முடியுமா?
(சாம்பல்தீவு)

பதில்: முடியும். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரி 1963 முதல் இருக்கிறது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் சபைகள் சேர்ந்து தொடக்கியது. சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கிறார்கள். இரண்டு மொழிக்காரரும் ஒரே வளவுக்குள், ஒரே சாப்பாட்டு மண்டபத்தில் இருந்து படிக்கும் இடங்கள் நாட்டில் எத்தனை என்று எண்ணிப்பாருங்கள்.

கத்தோலிக்கக் குருத்துவத்துக்கு என்றால் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடமும், கண்டி அம்பிட்டியில் தேசிய குருமடமும் உண்டு. தத்துவம், இறையியல் என்று பல ஆண்டுப் பயணம் அது. அம்பிட்டியில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் குருமடம் நிறுவியபோது அது இந்தியா முழுவதுக்குமானது. இந்தியப் பையன்கள் படிக்கக் கடல் கடந்து இங்கே வந்தார்கள். 1955இல் அந்தக் குருமடம் பூனாவுக்குப் போனது. திருகோணமலை மறைமாவட்டத்தை ஏற்படுத்தியவரும் அதே பாப்பரசர்தான், அதே 1893இல்தான்.

கேள்வி: பிலிமத்தலாவையில் படித்தவருக்கு வங்காளத்துச் செரம்பூரிலிருந்து பட்டம் வருகிறதே, அது என்ன கதை?
(டொக்யார்ட் வீதி)

பதில்: அந்தக் கதை உங்கள் வீட்டு வாசலில் இருந்தே தொடங்குகிறது.

1620இல் ஓவே ஜெட் என்ற இளம் தளபதி டேனியக் கப்பல்களோடு நம்முடைய துறைமுகத்துக்கு வந்தார். கண்டியரசன் செனரத்தோடு பேச்சு நடந்தது. டேனியர் கோட்டை கட்டவும் தொடங்கினார்கள். திருகோணமலை கைகூடவில்லை. அதே ஆண்டு தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். அங்கேதான் 1706இல் மிசனரி சீகன்பால்கு வந்து இறங்கினார், பிள்ளைகளோடு மணலில் குந்தியிருந்து அ, ஆ எழுதிப் பழகினார், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். செரம்பூரும் டேனியர் கையில் இருந்த ஊர்தான். அங்கே கேரி, மார்ஷ்மன், வார்ட் என்ற மிசனரிமார் மூவரும் 1818இல் கல்லூரி கட்ட, டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடெரிக் 1827இல் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். அந்தச் சாசனத்தின் வழியில் வந்த செரம்பூர் செனற் சபையோடுதான் பிலிமத்தலாவை இணைந்திருக்கிறது.

டேனியருக்கு நமது துறைமுகம் கிடைத்திருந்தால் சீகன்பால்கு உட்துறைமுக வீதியில் அச்சுக்கூடம் வைத்திருப்பாரோ என்னவோ. துறைமுகம் போனது, பட்டமாவது வந்தது.

கேள்வி: கோணேசர் கோயிலை இடித்தவர்களின் சமயத்தை நான் ஏன் படிக்கவேண்டும்?
(திருக்கடலூர்)

பதில்: சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். போர்த்துக்கேயர் இடித்தார்கள். 1620களில் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் நடந்தது. கோயிற் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இன்று பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் சுவாமி மலைக்குப் போகிறீர்கள். 1950இல் கிணறு வெட்டியபோது விக்கிரகங்கள் வெளிவந்தன. 1963இல் குடமுழுக்கு நடந்தது.

இதைப் படிக்காத இறையியல், பாதிப் புத்தகத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கிற இறையியல். 'அன்பே கடவுள்' என்று சொன்னவர்கள் கையில் கடப்பாரை எப்படி வந்தது? இந்தக் கேள்வியை முதல் நாளே வகுப்பில் வையுங்கள். நேர்மையான ஆசிரியர் அதை வைத்தே அன்றைய பாடத்தை நடத்துவார். 'அது சரித்திரம், இது சமயம்' என்று நழுவினால் எழும்பி வாருங்கள், கட்டிய காசைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: நான் சைவப் பிள்ளை. அந்த வகுப்புக்குப் போனால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று அம்மம்மா பயப்படுகிறா.
(ஆலங்கேணி)

பதில்: அம்மம்மாவுக்கு ஆறுமுக நாவலர் கதையைச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பாடசாலையில் படித்தார், அங்கேயே படிப்பித்தார், பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவினார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சானது. நாவலர் மாறினாரா? வேதாகமத்தை வரிவரியாகப் படித்த அறிவை வைத்துக்கொண்டே சைவத்துக்காக வாதாடினார், சைவப் பாடசாலை திறந்தார்.

மறுபக்கமும் உண்டு. இயேசு சபைக் குரு அலோசியஸ் பீரிஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பௌத்தம் படித்துக் கலாநிதியானார், 1974இல் களனியில் துலானா ஆய்வு நிலையத்தை அமைத்தார். குருவாகவே இருந்துகொண்டு எழுதினார். அடுத்த வீட்டுச் சமயத்தை ஆழமாகப் படித்தவர்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டை விட்டு ஓடுவதில்லை, வீட்டை ஒழுங்காகக் கூட்டத் தொடங்குகிறார்கள். ஆனால் ஒன்று: வகுப்பின் முடிவில் ஞானஸ்நானப் படிவம் நீட்டப்பட்டால் அது பாடநெறி அல்ல. அம்மம்மா சொன்னது சரி.

கேள்வி: இரண்டு கிழமையில் கிரேக்கம் படிக்கலாமா?
(மூதூர்)

பதில்: எழுத்தைப் படிக்கலாம். கிரேக்கத்துக்கு 24, எபிரேயத்துக்கு 22. ஒரு வருசத்தில் 247ஐ விழுங்கிய தமிழ்ப் பிள்ளைக்கு இது கச்சான் கொறிக்கிற வேலை. மொழியைப் படிக்க ஆண்டுகள் வேண்டும்.

ஆர்வத்துக்கு ஒரு துணுக்கு: சாலொமோனின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்ததாக இராஜாக்கள் முதற் புத்தகம் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே மயிலுக்கு எபிரேயத்தில் உள்ள சொல் 'துக்கி'. அது நம் 'தோகை'யோடு தொடர்புடையது என்று கால்டுவெல் உட்படப் பலர் எழுதியிருக்கிறார்கள். எபிரேயம் படிக்கப் போன இடத்தில் தமிழ் எட்டிப்பார்க்கும்.

கேள்வி: இறையியல் படித்தால் வேலை கிடைக்குமா?
(கன்னியா)

பதில்: கிடைத்ததால்தான் ஒரு கல்லூரியையே மூடினார்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் 1823இல் செமினரி தொடக்கியது, சுதேசப் போதகர்களை உருவாக்க. ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் சேர்த்துப் படிப்பித்தார்கள். பையன்கள் கெட்டிக்காரர், அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். 1855இல் செமினரி மூடப்பட்டது. அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை பிறகு சென்னையின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானார், ஏட்டுச் சுவடிகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். விதைத்தது போதகரை, விளைந்தது தொல்காப்பியப் பதிப்பு. படிப்பு சொன்னபடி கேட்காது, தம்பி.

கேள்வி: எங்கள் ஊரில் நூலகம் இல்லை, புத்தகம் விலை. வகுப்புக்குப் போய் என்ன பயன்?
(மூதூர், வேறொருவர்)

பதில்: உங்கள் ஊரில் பிடிபட்ட ஒருவரின் கதையைக் கேளுங்கள். புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பல் தலைவரையும் மகன் ரொபேட் நொக்ஸையும் கண்டியரசனின் ஆட்கள் பிடித்துப்போனார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே இறந்தார். மகன் 19 ஆண்டு சிறை.

அவர் கையில் இருந்தது பக்திப் புத்தகம் இரண்டு. அவற்றை மனப்பாடமாகும்வரை வாசித்தார். ஒருநாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது வயோதிபர் ஒருவர் வந்து, தன்னிடம் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். பார்த்தால் வேதாகமம்! கையில் இருந்த காசு முழுவதையும் கொடுக்கத் துடித்தார். அவசரத்தைக் காட்டாதே, விலை ஏறிவிடும் என்று கூட இருந்தவர் தடுத்தார். கடைசியில் தன் கையால் பின்னிய ஒரு தொப்பிக்குப் புத்தகம் கைமாறியது. 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பினார், 1681இல் இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளிவந்தது.

ஆகவே மூன்று புத்தகம் போதும். மூன்றையும் வாசிக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கேள்வி: எந்த வேதாகமத்தைக் கொண்டுபோக? பழசா, புதுசா?
(பாலையூற்று)

பதில்: இரண்டையும். 1871இல் வெளிவந்த, பவர் என்பவரின் பெயரால் வழங்கும் திருத்தத்தின் தமிழ் காதில் நிற்கும். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு கருத்தை நேராகத் தரும். ஒரே வசனத்தை இரண்டிலும் வாசித்து, ஏன் வேறுபடுகிறது என்று கேட்டாலே அரைப் பாடம் முடிந்தது.

கேள்வி: பகல் ஒரு மணிக்கு வகுப்பு. தகரக் கூரை. நித்திரை வருகிறது. பாவமா?
(நிலாவெளி)

பதில்: பாவம்தான், நீங்கள். ஆனால் முன்னுதாரணம் உண்டு. எபேசு பட்டணத்தில் திறன்னு என்பவரின் மண்டபத்தில் பவுல் இரண்டு ஆண்டு தினமும் பேசினார் என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. ஒரு பழைய கையெழுத்துப் பிரதி வரிசை நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறது: ஐந்தாம் மணியிலிருந்து பத்தாம் மணிவரை. நம் கணக்கில் காலை 11 முதல் மாலை 4. ஊரே கண்ணயரும் நேரம். மற்றவர் மண்டபத்தைப் பாவிக்காத வேளையில்தான் ஏழைக்கு இடம் கிடைத்திருக்கும். எத்தனை பேர் நித்திரை கொண்டார்கள் என்று எந்தப் பிரதியிலும் இல்லை.

கேள்வி: பெண்களுக்கு எதற்கு இறையியல் என்கிறார் ஒரு பெரியவர்.
(உவர்மலை)

பதில்: அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளருக்கு விளக்கம் போதாமல் இருந்தபோது தனியே அழைத்துத் திருத்தியது பிரிஸ்கில்லாளும் கணவர் ஆக்கில்லாவும். தொழில், கூடாரம் தைப்பது. கட்டணம் வாங்கியதாகத் தெரியவில்லை. என் கணக்கில் அதுதான் முதல் குறும்பாடநெறி. பெரியவரையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: இறையியல் அதிகம் படித்தால் சிக்கலில் மாட்டுவேனா?
(டைக் வீதி)

பதில்: மாட்டலாம். அமலமரித் தியாகிகள் சபையின் தந்தை திஸ்ஸ பாலசூரிய, மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி 1990இல் புத்தகம் எழுதினார். 1997 ஜனவரியில் திருச்சபை அவரை விலக்கிவைத்தது. உலகம் முழுவதும் விவாதம் எழுந்தது. 1998 ஜனவரியில் தடை நீங்கியது. ஆனால் இரண்டு கிழமை வகுப்பில் அந்த அளவு சிக்கலுக்குத் தகுதி கிடைக்காது. பயப்படாமல் போங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பாடசாலை பற்றி ஒரு துணுக்கு?
(என்.சி. வீதி)

பதில்: 1898இல் நியூயோர்க்கில் ஹோஸ் என்ற அம்மையார் தெருப் பிள்ளைகளுக்காக அதைத் தொடக்கியபோது வேறு இடம் கிடைக்கவில்லை. வாடகைக்கு எடுத்தது ஒரு பியர்க் கடை!

கேள்வி: எங்களுக்குக் கடல் நல்லாய் இருக்கிற மாதங்களில்தான் இவர்கள் வகுப்பு வைக்கிறார்கள். கடலுக்குப் போகவா, படிக்கப் போகவா?
(திருக்கடலூர், வேறொருவர்)

பதில்: இந்தக் கட்டில் சிறந்த கேள்வி உங்களுடையது. சித்திரை கழிந்தால் ஆவணி, புரட்டாதிவரை கிழக்குக் கடல் அமைதி. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்துகூட வந்து வாடி போடுகிற காலம். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலை செய்பவருக்கும் அதுதான் உழைப்புக் காலம். அப்போது வகுப்பு வைத்தால் ஆசிரியரும் மாணவரும் மட்டுமே வருவார்கள். பேதுருவின் தொழில் செய்பவர் வரமாட்டார். லூக்கா சொல்கிறபடி இயேசு பேதுருவிடம் வந்தது வலை அலசுகிற நேரத்தில், அதாவது தொழில் முடிந்த பிறகு.

1963இல் குவாத்தமாலாவில் பிரெஸ்பிற்றேரியன் சபையாருக்கு இதே பிரச்சினை வந்தது. தொழிலும் குடும்பமும் உள்ளவர் தலைநகரக் கல்லூரிக்கு வரமுடியவில்லை. அவர்கள் மாணவனை இழுக்காமல் கல்லூரியை ஊருக்கு நகர்த்தினார்கள். வீட்டில் இருந்து படி, செய்கிற தொண்டைச் செய், கிழமைக்கு ஒருநாள் ஆசிரியர் உன் ஊருக்கு வருவார். விரிவாக்க இறையியற் கல்வி என்று அது உலகமெங்கும் பரவியது. பெங்களூரில் தாஃப்டீ என்ற அமைப்பு 1971 முதல் அதைச் செய்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் டெட் வார்ட் இதை ஒரு வேலிக்கு ஒப்பிட்டார். நம் பாசையில் சொன்னால் வரிச்சுத் தடி இரண்டு: ஒன்று வாசிப்பு, மற்றது வாழ்க்கை அனுபவம். இரண்டையும் பிடித்து நிறுத்தும் கதியால்தான் வகுப்பு. கதியாலை மட்டும் நட்டால் வேலி ஆகாது. தடியை மட்டும் போட்டால் மாடு வரும்.

கேள்வி: முடிவாகச் சொல்லுங்கள். போகவா, வேண்டாமா?
(சாம்பல்தீவு)

பதில்: போங்கள். ஒரு கொப்பி, ஒரு பேனை, உங்கள் சொந்தக் கேள்வி ஒன்று, மூன்றும் கையில் இருக்கட்டும். திரும்பி வரும்போது அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருந்தால் காசு வீண்போகவில்லை.

வகுப்பு நடத்துகிற தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஓகஸ்ட் வகுப்பை நிறுத்தவேண்டாம், ஆசிரியர்களுக்கு அதுதான் வசதி. கூடவே கார்த்திகையிலிருந்து தை வரை, வாடைக்காற்றில் கடல் அடித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாதங்களில், திருக்கடலூரில் ஒன்று, மூதூரில் ஒன்று வையுங்கள். கதிரை தேவையில்லை, பாய் போதும். கூரை மட்டும் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.